முழுக்கா தெளிப்பா என்று கேட்ட மகனுக்கு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயம்,
வியாழக்கிழமை.

மகனே,

நீ நலமாக இருப்பது உன் கடிதத்தின் கையெழுத்திலேயே தெரிந்தது. நான் நலமாக இல்லை. போன வாரம் தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்ததிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கோபத்தில் பதில் எழுதக் கூடாது என்று பொறுத்துப் பார்த்தேன். பொறுக்கப் பொறுக்கக் கோபம் கூடியதே தவிர குறையவில்லை. இனியும் காத்திருந்தால் உன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்பதால் கோபத்தோடேயே எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே. கடைசியில் உனக்கு நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நேராக அதற்கு வர எனக்குத் தைரியம் போதவில்லை.

கிள்ளானில் உனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். பெண் அமைந்ததில் அதைவிடச் சந்தோஷம். அந்தப் பெண்ணை ஒரே தடவைதான் பார்த்தேன், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என்னைப் பார்த்துச் சிரித்த விதத்திலேயே பிடித்துப்போயிற்று. அவள் அப்பாவும் மரியாதைப்பட்டவர்தான். கேரி தீவுத் தோட்டத்தில் டிரஸ்ஸராக இருந்து எத்தனையோ பேருடைய காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர். ஆனால் இப்போது கிள்ளானில் ஒரு கடை மாடியில் கூடுகிற சின்னச் சபைக்கு மூப்பராகிவிட்டு, மனுஷனுடைய உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் போய் எழுந்தால்தான் ஞானஸ்நானம், தலையில் தெளித்ததெல்லாம் கணக்கில் வராது என்கிறார். சரி, அது அவர் கொள்கை. நீயும் அதை ஏற்றுக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டுக் கொல்லையில் கட்டியிருக்கிற சிமெண்டுத் தொட்டியில் முழுக்கு எடுக்கப்போகிறாய். அதுவும் உன் இஷ்டம். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு ரயில் ஏறியிருப்பேன்.

நீ நிறுத்தவில்லை. “நீங்களும் என்னோடு இறங்குங்கள் அப்பா. குழந்தையில் உங்களுக்குச் செய்தது வெறும் தெளிப்பு. அம்மாவுக்குச் செய்ததும் ஞானஸ்நானமே அல்ல. அவர்களுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, உங்களுக்காவது செய்யலாம்” என்று எழுதியிருக்கிறாய். இனி ஒன்றும் செய்ய முடியாதாம். அடேயப்பா, எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! மழை வந்தது, துணி நனைந்தது என்கிற மாதிரி. உன் அம்மா செத்து பதினேழு வருஷம். அவள் நம் சபைக் கல்லறையில், என் இடத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து நான் போய் அங்கே புல்லைப் பிடுங்கிவிட்டு வருகிறேன். அவளை நீ ஒரே வரியில் கணக்கிலிருந்து அடித்துவிட்டாய். அதுவும் தண்ணீர் போதவில்லை என்று!

தண்ணீரைப் பற்றி எனக்கு நீ சொல்லிக்கொடுக்கிறாயா? முப்பது வருஷமாக இந்த ஸ்டேஷன் பம்பு வீட்டில் என்ஜின்களுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறவன் நான். ஆற்றுத் தண்ணீர் எது, ஊற்றுத் தண்ணீர் எது, எதில் சேறு, எதில் உப்பு, எது பாய்லரைக் கெடுக்கும் என்று கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதனால்தான் உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு வீம்பு வந்தது. இந்த முழுக்கும் தெளிப்பும் எங்கிருந்து வந்தது? நம் பாதிரியாரும் கண்டுபிடிக்கவில்லை, உன் டிரஸ்ஸரும் கண்டுபிடிக்கவில்லை. யூதர்களிடமிருந்து வந்தது. அப்படியானால் ஒரு யூதரிடமே கேட்டுவிட்டு வந்து உன் வாயை அடைக்கிறேன் என்று கிளம்பினேன்.

உனக்கு அந்தக் கடிகாரக்காரரை ஞாபகம் இருக்கும். பாசார் பக்கம் சின்னக் கடை. கண்ணில் ஒரு கண்ணாடிக் குமிழை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். பாக்தாத்தில் பிறந்து, ரங்கூன் வந்து, பினாங்கு வந்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவர். நீ குழந்தையாக இருந்தபோதே பழக்கம். முதல் முதலாக அவர் என் பம்பு வீட்டுக்கு வந்தது ஒரு விசித்திரமான கேள்வியோடு. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். “இந்தத் தொட்டில இருக்கிறது மழைத் தண்ணியா, பம்புல ஏத்தினதா?” என்று கேட்டார். பம்பில் ஏற்றினது என்றேன். “தா போலே, தா போலே, இது ஆகாது” என்று தலையை ஆட்டினார். அவர் மனைவிக்கு மாதாமாதம் விலக்கு நின்று நாள் கழிந்ததும் முழுக வேண்டுமாம். அது குளிப்பதற்காக இல்லை. நன்றாகக் குளித்து, தலை சீவி, நகம் வெட்டி, மோதிரம் கழற்றிவிட்டு, அப்புறம்தான் போய் முழுக வேண்டும். மனிதக் கை இறைத்து ஊற்றின தண்ணீர் கூடாது. வானத்திலிருந்து விழுந்ததாக இருக்க வேண்டும், இல்லை பூமியிலிருந்து தானாக ஊறினதாக இருக்க வேண்டும். குறைந்தது ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், மூன்று முழ ஆழம். பினாங்கில் என்றால் கடலில் இறங்கிவிடுவார்களாம். இங்கே கோலாலம்பூரில் கடலுக்கு எங்கே போவது?

நான் அவரைச் சாலாக் செலாத்தான் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டைகள் அங்கே நிறைய. அதில் ஒன்று லாலான் புல் சூழ்ந்து மறைவாக, அடியில் ஊற்றும் மேலே மழையுமாகத் தெளிந்து கிடந்தது. அவர் கரையில் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் இன்னொரு சிக்கல். முழுகுகிறவளுடைய தலைமுடி ஓர் இழைகூட மேலே மிதக்காமல் உள்ளே போய்விட்டதா என்று பார்க்க ஒரு பெண் வேண்டும். அவர்கள் ஆட்களில் வேறு பெண்ணே இங்கே கிடையாது. “என்ன செய்றது, எங்க ஊரா இது?” என்று சொல்லிவிட்டு, உன் அம்மா வருவாளா என்று கேட்டார். கேட்டதும் உன் அம்மா சிரித்துவிட்டாள். “இதுக்கு எதுக்குங்க இவ்ளோ தயக்கம்? நம்ம வீட்டுல தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு அப்புறம் அடுப்பு பக்கம் போறோமே, அது மாதிரிதானே?” என்றாள். அப்படி நாலு வருஷம், மாதம் ஒரு தடவை, நாங்கள் ஆண்கள் இரண்டு பேரும் ரோட்டோரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, அவர்கள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு அந்தக் குட்டைக்கு இறங்கிப் போவார்கள். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, உன் அம்மாவுக்கு மலாய் அரைகுறை. ஆனாலும் திரும்பி வரும்போது பேச்சு ஓயாது. என்னத்தைப் பேசினார்களோ!

இந்த உறவை நம்பித்தான் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுப் படி ஏறினேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன் பார், அதுதான் என் புத்தி. உன் கடிதத்தை விளக்கிச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு, “உன் பையன் சொல்றது சரிதான். முழுக்குன்னா முழுக்குதான். தெளிச்சா அது முழுக்கில்ல” என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆயிற்று. யோர்தான் ஆற்றில் நின்று ஜனங்களை முழுக்காட்டின தீர்க்கதரிசி புதிதாக ஒன்றையும் கொண்டுவரவில்லை என்றார். அவர்கள் ஜனத்தில் முழுக்கு அதற்கு முன்பே இருந்தது. ஆலயத்துக்குள் போகிறவன் முழுகினான். குஷ்டம் ஆறினவன் முழுகினான். பிரதான ஆசாரியன் பாவநிவாரண நாளில் மட்டும் ஐந்து தடவை முழுகுவானாம். வெளியார் ஒருவர் அவர்கள் மார்க்கத்தில் சேர வந்தாலும் முழுகித்தான் சேர வேண்டும். யோர்தானில் நடந்ததில் வித்தியாசம் என்னவென்றால், மனந்திரும்பி ஒரே தடவை, இன்னொருவர் கையால். “மத்ததெல்லாம் எங்க வீட்டுச் சாமான்தான்” என்றார். விட்டேனா? உங்கள் சபைத் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். குழாய்த் தண்ணீர் என்றதும் முகத்தைச் சுளித்தார். சட்டை வேட்டியோடு இறங்குவார்கள் என்றேன், அதற்கும் சுளித்தார். மூப்பர் ஒரு கையால் முதுகையும் ஒரு கையால் தோளையும் பிடித்துச் சாய்ப்பார் என்றேன். “இறுக்கிப் புடிச்சா புடிச்ச இடத்துல தண்ணி படாதே! யாரும் புடிக்கக் கூடாது. தானா இறங்கணும், தானா எழுந்து வரணும்” என்றார். ஆக அவர் கணக்கில் நானும் தேறவில்லை, நீயும் தேறவில்லை, உன் டிரஸ்ஸர் மாமனாரும் தேறவில்லை. அந்த மட்டில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதை மறைப்பானேன்.

அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் எனக்கு உன் அம்மா விஷயம் தீரவில்லையே. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவளை எந்தக் குட்டைக்குத் தூக்கிக்கொண்டு போவது, அப்படிப்பட்டவளுக்கு ஊற்றினால் போதாதா என்று கேட்டேன். அதற்கு அவர் கொஞ்சம் இரங்கினார். நோயாளிக்கு அளந்து ஊற்றுகிற வழக்கம் அந்தக் காலத்தில் உண்டாம். செத்தவர்களையும் அவர்கள் அப்படித்தான் சுத்தம் செய்வார்கள், ஒரு பாத்திரம் தீரும் முன் அடுத்ததை ஊற்றி, தாரை அறுந்துவிடாமல். கல்லறையிலிருந்து திரும்பினாலும் கை கழுவாமல் வீட்டுக்குள் போக மாட்டார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது. உன் அம்மாவை அடக்கம் பண்ணின அன்று உன் மாமன்மார் இரண்டு பேரும் கல்லறையிலிருந்து நேராகக் குழாயடிக்குப் போய்த் தலை முழுகினார்கள். ஏழு வயசுப் பையன் நீயும் சட்டையைக் கழற்றிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினாய். நான் பிடித்து இழுத்து, சபையார் முன்னால் உன் கன்னத்தில் அறைந்தேன். நமக்குத் தீட்டு கிடையாது, அதெல்லாம் அஞ்ஞானிகள் செய்கிற காரியம் என்று கத்தினேன். நீ அழுதது அடிக்கு இல்லை. “மாமாகூடத் தண்ணி ஊத்திக்கணும்ப்பா” என்று சொல்லிச் சொல்லி அழுதாய். வேதத்தை நமக்குக் கொடுத்த ஜனமே செய்கிற காரியத்துக்காக என் பிள்ளையை நான் அடித்திருக்கிறேன். மன்னித்துக்கொள்.

நான் அவரோடு வாதாடிக்கொண்டிருந்ததை உள்ளே இருந்து அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு தட்டில் பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “யாருக்கு ஊத்தினதைப் பத்திக் கேக்குறே? அவளுக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். “அவகிட்ட கேட்டியா?” என்றாள்.

என் பதிலுக்குக் காத்திராமல் அவளே சொன்னாள். ஒரு நாள் வெயில் கொளுத்தியதாம். தண்ணீர் குளுகுளுவென்று இருந்ததால், நீயும் இறங்கு என்று உன் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். உன் அம்மா பாதத்தைக்கூட நனைக்கவில்லையாம். “இது நீங்க கும்பிடுற தண்ணி. நான் சும்மா இறங்கக் கூடாது. இறங்கினா மனசோட இறங்கணும்” என்று தன் அரைகுறை மலாயில் சொன்னாளாம். வருஷக்கணக்காக வந்தும் ஒரு நாளும் இறங்கவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் மறுபடியும் கேட்டாள், அவளைக் கேட்டாயா என்று. நான் அவர் பக்கம் திரும்பி, விருப்பம் இல்லாத ஆளை உங்களில் முழுக்காட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “என்ன ஆகும்? நனைஞ்சான், அவ்வளவுதான்” என்றார்.

மகனே, இப்போது சொல்லிவிடுகிறேன். உன் அம்மா சாகும்போது ஞானஸ்நானம் கேட்டாள், பாதிரியாரும் காய்ச்சலில் கிடந்ததால் நானே கொடுத்தேன் என்று உனக்குச் சொல்லி வளர்த்திருக்கிறேன். பாதிரியார் காய்ச்சலில் கிடந்தது நிஜம். அந்த வருஷம் விஷக் காய்ச்சலில் இந்த லயத்தில் வீட்டுக்கு ஒருவர் கிடந்தார்கள். நான் கொடுத்ததும் நிஜம். அவள் கேட்கவில்லை. உனக்கே தெரியும், அவள் தண்டவாளக் கூலிகளின் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், மாரியம்மனைக் கும்பிட்டவள். நான் சபையைப் பகைத்துக்கொண்டு அவள் அப்பா வீட்டில் வைத்துத் தாலி கட்டினேன். அதற்காக ஒரு வருஷம் எனக்கு நற்கருணை இல்லை என்று நிறுத்தி வைத்தார்கள். மூன்று மாதக் குழந்தையாக உன்னை ஞானஸ்நானத்துக்கு எடுத்துப்போனபோதும் அவள் வரவில்லை. “நீங்க எடுத்துட்டுப் போங்க, நான் வீட்டுல சமைச்சு வைக்கிறேன்” என்றாள். பாதிரியார் வந்து வந்து கேட்பார். “யோசிச்சுச் சொல்றேங்க ஐயா” என்பாள். யோசித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் அதைச் சாக்கு என்று நினைத்தேன்.

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு நன்றாக இருந்தது. நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “இப்ப வேண்டாங்க” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “எங்க ஆளுங்ககிட்ட விட்டுடுங்க” என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவளை அவள் அண்ணன்மார் எடுத்துப்போய் அவர்கள் முறைப்படி எரித்துவிட வேண்டும். ஞானஸ்நானம் இல்லாதவளுக்கு நம் கல்லறையில் இடம் கிடையாது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. நான் அங்கே தனியாய்க் கிடப்பேன், அவள் சாம்பலாய் ஆற்றோடு போய்விடுவாள் என்று நினைக்க நினைக்கப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆயிற்று. மறுநாள் காலையில் அவளுக்கு நினைவு தப்பியது. உன்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, செம்பில் தண்ணீர் எடுத்து, இடது கையால் அவள் தலையைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் ஊற்றினேன். பெயரும் நான்தான் வைத்தேன். பாதிரியார் தேறி எழுந்து விசாரித்தபோது, சம்மதமா என்று கேட்டேன், தலையை அசைத்தாள் என்று சொன்னேன். தலை அசைந்தது உண்மைதான். அசைத்தது என் கை. கல்லறைக் கல்லில் வெட்டியிருக்கிற பெயரை அவள் ஒரு நாளும் காதால் கேட்டதில்லை.

பதினேழு வருஷம் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அவள் அண்ணன்மார் அன்று என்னைப் பார்த்த பார்வைக்குக்கூட ஏதோ ஒரு பதில் சொல்லித் தப்பித்துவிட்டேன். நீ தண்ணீரின் அளவைப் பற்றி எழுதினதும் எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று இப்போது உனக்குப் புரிகிறதா? எனக்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் புரிந்தது. நான் பூட்டி வைத்திருந்த கதவைத் தட்டினவனைத் திட்டுகிற மாதிரி உன்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனாலும் உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் வயசில் எல்லாம் ஒரு தொட்டியில் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறாய். டிரஸ்ஸர் சொன்னார், நீ உடனே பெற்ற தாயைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டாய். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது வேறு ஒரு மூப்பரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து உன்னையும் உன் பெண்டாட்டியையும் ஒரே வரியில் அடித்தால் தெரியும். எதையும் செல்லாது என்று சொல்வதற்கு முன், அதைச் செய்தவன் யார், எந்த நிலைமையில் செய்தான் என்று ஒரு வார்த்தை விசாரி. அந்தப் பெண்ணிடமும் அப்படியே இரு. அவள் ஒன்றுக்கு வேண்டாம் என்று சொன்னால், அவள் மயங்குகிற வரைக்கும் காத்திருக்கிற புருஷனாக இராதே. என் சொத்தில் உனக்கு விட்டுப்போக இந்த ஒரு புத்திதான் இருக்கிறது, அதையும் தாமதமாகத்தான் வாங்கினேன்.

நான் கிளம்பும்போது கடிகாரக்காரர் வாசல்வரை வந்தார். இன்னொன்றையும் சொன்னார், அதையும் உனக்கு எழுதிவிட வேண்டும், ஏனென்றால் அது உன் பக்கம். அவர்களிடம் சேர வருகிற ஆளை மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பார்களாம். ஏன் வருகிறாய், எங்கள் ஜனத்துக்கு எந்த ஊரிலும் நிம்மதி இல்லை என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டு, திருப்பி அனுப்பப் பார்ப்பார்களாம். தெரியும், தெரிந்துதான் வருகிறேன் என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். அவனோடு கைக்குழந்தை இருந்தால் அதையும் முழுக்காட்டிவிடுவார்கள். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து ஆளானதும், எனக்கு இது வேண்டாம் என்று சொல்ல அதற்கு உரிமை உண்டாம். ஒருவரும் அதைத் தடுக்க முடியாதாம். “உன் பையன் வளந்துட்டான்லா. அவன் பேசுறான். கோவப்படாதே” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நம் வீட்டில் இதுவரை யாரும் தன் வாயால் பதில் சொன்னதில்லை. எனக்காக என் அப்பா சொன்னார். உனக்காக நான் சொன்னேன். உன் அம்மாவுக்காகவும் நான் சொன்னேன், அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு. நீதான் முதல் ஆள். குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ, மூப்பர் இறுக்கிப் பிடிக்கிறாரோ மெல்லப் பிடிக்கிறாரோ, அவர்கள் கேட்கும்போது நீயே வாய் திறந்து பதில் சொல். அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் கிள்ளானுக்கு வருகிறேன். கரையில் நிற்பேன், இறங்க மாட்டேன். எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிடாதே. எனக்கு என்ன வேண்டும் என்று நான் இன்னும் என்னையே கேட்டுப் பார்க்கவில்லை. இந்த வயசில் கேட்கத் தொடங்கியிருக்கிறேன், கொஞ்ச நாள் ஆகும். உன் மாமன்மாரையும் போய்ப் பார்க்க வேண்டும். அவர்களிடம் இதைச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம், ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடுவேன்.

அங்கே யாராவது உன் அம்மாவைப் பற்றி விசாரித்தால், அவளுக்குத் தண்ணீர் போதவில்லை என்று சொல்லாதே. தண்ணீர் போதும். அவளைக் கேட்கவில்லை என்று சொல்.

உன் அப்பா